யன்னலோர மேசையில் ஆறிய முட்டை

போன வியாழக்கிழமை மத்தியானம் அலுவலகத்திலிருந்து நாங்கள் சிலபேர் வெளியே சாப்பிடப் போனோம். மெல்பேர்னில், மல்கிரேவில் எங்கள் கட்டிடத்தைச் சுற்றி எல்லாமே அலுவலகங்கள்தான். கண்ணாடிச் சுவர், அளவாக வெட்டிய புல், கார்த் தரிப்பிடம், திரும்பவும் கண்ணாடிச் சுவர். அதற்குள் புதிதாக ஒரு தென்னமெரிக்கச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். யாரோ ஒருவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த தட்டைப் பார்த்தேன். கறுப்புக் கல்லில் ஒரு துண்டு மாட்டிறைச்சி, அதன் மேல் சின்னஞ்சிறு காடை முட்டை, பக்கத்தில் தீக்குச்சி போல வெட்டி அடுக்கிய உருளைக்கிழங்குப் பொரியல். பார்த்தவுடன் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மணம் வந்த பிறகுதான் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த திவ்யா சென்னைப் பிள்ளை. எதையும் கவனிக்காமல் விடமாட்டாள்.

"என்னடி ஆச்சு? பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க. பீஃப் ஸ்மெல் ஒத்துக்கலையா?"

"இல்லை, அது எனக்குப் பழக்கம்."

"நீதான் சாப்பிட மாட்டியே, அப்புறம் என்ன பழக்கம்?"

அவளுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. நான் மாட்டிறைச்சியை வாயில் வைத்தவள் இல்லை. ஆனால் இந்தத் தட்டை நித்திரையிலும் செய்து வைப்பேன். முதலில் வெங்காயம், கொழுப்பில் வதங்கி இனிப்பு மணம் வரும்வரை. பிறகு இறைச்சி, தாச்சியில் போட்டால் தொடக்கூடாது. கிழங்கு விரல் தடிப்பில், இரண்டு தரம் பொரிக்க வேண்டும். கடைசியில்தான் முட்டை, அதுவும் இரண்டு. இறைச்சியை மூடிக்கொண்டு அவை மேலே கிடக்க வேண்டும். காடை முட்டையெல்லாம் மார்த்தா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் மற்றதெல்லாம் வந்தது.

சிட்னியில், செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில், ரயர் கடைக்கும் கண்ணாடி வெட்டுகிற பட்டறைக்கும் நடுவில் மார்த்தாவின் கடை இருந்தது. கடை என்றால் ஆறு மேசை, ஒரு நீள யன்னல், பின்பக்கம் ஒரு குசினி. காலையில் லொறிக்காரர்களுக்குக் கோப்பி, மத்தியானம் சாப்பாடு, மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். சிலியிலிருந்து இளம்பெண்ணாக வந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை 'மிஹா' என்று கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். லொறிக்காரர்களையும் ஏறக்குறைய அப்படித்தான் கூப்பிட்டார் என்பதால் நான் அதில் பெரிதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பெருமைப்பட எனக்கு வேறு விஷயம் இருந்தது. அந்த வருடம்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்ததே நான்தான் முதல் ஆள். அப்பா சின்ன வயதிலேயே கடலுக்குப் போனவர். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அதையும் கோலம் போடுவதுபோல நிதானமாக எழுதுவார். பல்கலைக்கழக அடையாள அட்டையை நான் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவேன். கோப்பைகள் கழுவும்போது அது தண்ணீருக்குள் விழும். மார்த்தா ஒருநாள் சொன்னார், "மிஹா, அதைக் கழட்டி வை. நீ படிச்சனி எண்டது பீங்கானுக்குத் தெரிய வேண்டாம்."

மார்த்தா பேசியது ஆங்கிலம்; அதுவும் ஸ்பானிய வாடை அடிக்கிற ஆங்கிலம். ஆனால் என் ஞாபகத்தில் அவர் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார். எப்போது அப்படி மாறியது என்று எனக்கே தெரியாது. அதனால் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாப்பாட்டின் பெயர் 'லோமோ அ லோ போப்ரே'. ஏழையின் பாணியில் செய்த இறைச்சி என்று பொருள். எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு பெரிய இறைச்சித் துண்டு, இரண்டு முட்டை, மலைபோலக் கிழங்கு. இதில் ஏழை எங்கே வந்தான்? கேட்டேன்.

"ஏழை கடைக்குப் போனா இது வேணும் அது வேணும் எண்டு தெரியமாட்டான். கடைசியா எப்ப சாப்பிட்டவன் எண்டு அவனுக்கே மறந்திருக்கும். எல்லாத்தையும் ஒரே தட்டில போடு எண்டுவான்."

சரியான விளக்கமா என்று தெரியாது. ஆனால் அப்பாவை நினைத்தேன். அப்பா மீன்பிடிகாரர். மீன் பிடிக்கிறவர்களின் வீட்டில் மீன் என்பது சும்மா ஒரு சாமான், அலுத்துப்போய்விடும். அவருக்கு விருந்து என்றால் முட்டைதான். கோழி இட்ட அன்றைக்கு, கடலால் வந்ததும், "இண்டைக்கு மீன் வேண்டாம் தெய்வானை, முட்டையைப் பொரி" என்பார். அது எனக்குக் காதால் கேட்ட ஞாபகமா, அம்மா திரும்பத் திரும்பச் சொல்லி உண்டான ஞாபகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் சண்டை முடிகிற நாட்களில் சனத்தோடு சனமாக இராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்தோம். அங்கே ஆண்களைத் தனி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அப்பா ஒரு பஸ்ஸில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை; பின்னால் ஆட்கள் நெரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசியாகப் பார்த்தது அவருடைய பின்கழுத்தை. வெயிலில் கறுத்து, நடுவில் ஒரு கோடு வெள்ளையாக இருந்தது. அதனால் இன்றைக்கும் ரயிலில் எனக்கு முன்னால் இருக்கிறவர்களின் பின்கழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, ஒருதரம் பார்த்துவிடுவேன்.

அதன் பிறகு, அம்மாவும் நானும் சிட்னிக்கு வந்த பின்னும், அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அம்மாவுக்கோ சேதி தேவைப்படவில்லை. "நடந்து போனவர். என்ர கண்ணால பார்த்தனான்," என்பார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. எங்கள் வீட்டில் அப்பாவின் பெயருக்கு எப்போதும் நிகழ்காலம்தான். அப்பாவுக்குப் புளி கூடினால் பிடிக்காது. அப்பாவுக்கு இந்தக் குளிர் ஒத்துவராது.

எங்கள் பக்கத்தில் ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களுக்கான நாள். தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து, படைத்து, காகத்துக்கு வைத்த பிறகே சாப்பிடுவார்கள். தகப்பன் உள்ளவர்கள் பிடிப்பதில்லை. எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்த செல்வி அன்ரி ஒவ்வொரு ஆடியிலும் வந்து கதிரையில் இருந்துகொண்டு ஆரம்பிப்பார்.

"இந்த முறையெண்டாலும் பிள்ளையை விரதம் பிடிக்க விடும். ஆம்பிளைப் பிள்ளை இல்லாட்டி என்ன? அந்த மனுசன்ர ஆத்மா பசியோட அலைஞ்சு திரியும்."

"அவர் ஏன் அலையிறார்? எங்கையோ இருக்கிறார்."

"அப்பிடியெண்டா இவ்வளவு காலமும்..."

"நீர் பார்த்தனீரோ, அவர் செத்ததை? நான் பாக்கேல்லை. நீர் எப்பிடிப் பார்த்தனீர்?"

அதோடு அன்ரி எழும்பிவிடுவார். ஆடி அமாவாசை அன்று, தெரு முழுக்கத் தமிழ் வீடுகளில் சைவச் சமையல் நடக்கும்போது, அம்மா வேண்டுமென்றே மீன் வாங்கிவந்து குழம்பு வைப்பார். யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு வைப்பார். நடுங்குகிற குளிரில், செல்வி அன்ரியின் வேலியைத் தாண்டி, என் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று மீன்குழம்பு போய்ச் சொல்லும்.

நான் அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. பல்கலைக்கழகத்தில் இருந்தேன் அல்லவா? எதற்கும் ஆதாரம் கேட்கிற வயது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அப்பா இல்லை என்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரு விளக்கு வைக்க, ஒருபிடி சோறு வைக்க, ஒருதரம் வாய்விட்டு அழ எனக்கு ஆசையாக இருந்தது. அம்மா விடவில்லை. "அப்பா செத்துப்போயிட்டார் அம்மா" என்று ஒருநாள் நேரடியாகவே சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு அப்பா வேண்டாமெண்டா நீ விடு. எனக்குப் புருசன் வேணும்," என்றார்.

அந்த முறை ஆடி அமாவாசை கழிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மார்த்தா மதியச் சாப்பாட்டுச் சந்தடி ஓய்ந்த பிறகு தாச்சியைத் திரும்பவும் அடுப்பில் வைத்தார். ஒரே ஒரு தட்டு. இறைச்சி, வெங்காயம், கிழங்கு, மேலே இரண்டு முட்டை. அதை யன்னலோர மேசையில் வைத்தார். முள்ளுக்கரண்டி, கத்தி, ஒரு துண்டு பாண், ஒரு போத்தல் பியர், மூடி திறந்தபடி. கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிஹா, மேசையைப் பார்த்துக்கொள், சாமான் வாங்கிக்கொண்டு வாறன்," என்று போய்விட்டார்.

நான் தனியே நின்றேன். கடையில் யாரும் இல்லை. தட்டிலிருந்து ஆவி எழும்பி யன்னல் கண்ணாடியில் படிந்தது. இழுத்துவிட்ட கதிரையில் யாரோ உட்காரப் போகிற மாதிரி ஓர் அமைதி. உங்களுக்குத் தெரியும், ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரியமான சாப்பாடு, பக்கத்தில் பியர்கூட இருக்கிறது, வைத்தவர் அழுகிறார், சாப்பிட யாரும் இல்லை. படையல்தான். மாட்டிறைச்சியில் படையலா என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். பிறகு அவரவர் ஊரில் அவரவர் வழக்கம் என்று தேற்றிக்கொண்டேன். பார்த்தால் படையலில் குறைகள் இருந்தன. தண்ணீர் இல்லை. விளக்கு இல்லை. பாவம், தனியே செய்கிறவர், மறந்திருப்பார்.

ஒரு கிளாஸில் தண்ணீர் வைத்தேன். மேசை லாச்சியிலிருந்து பிறந்தநாள் கேக்குக்கு வைக்கிற மெழுகுதிரி ஒன்றை எடுத்து ஒரு கோப்பையில் நிறுத்திக் கொளுத்தினேன். கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன். யாருக்கென்று தெரியாத அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று, வீட்டில் செய்யவிடாத எல்லாவற்றையும் நான் செய்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். திரி உருகி அணைந்த பிறகு, மிச்சம் எதையும் வைக்கக்கூடாது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போய், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன்.

காகம் வரவில்லை. சிட்னியில் குப்பைத்தொட்டிகளைக் கிண்டித் திரிகிற, வளைந்த நீளச் சொண்டுள்ள வெள்ளைப் பறவை ஒன்று வந்தது. அது கழுத்தை ஒருதரம் சரித்துப் பார்த்துவிட்டு ஒரு முட்டையை முழுதாக இழுத்தது. நான் வழிபட்டுக்கொண்டு நின்றேன். திரும்பினால் பின்கதவில் மார்த்தா, இரண்டு கையிலும் பைகளோடு.

"என்ன செய்யிறாய்?"

"செத்தவைக்கு வைச்சதைப் பறவைக்குத்தான் குடுக்கிறது..."

"ஆர் செத்தது?"

நான் தட்டைக் காட்டினேன்.

"ஆர் உனக்குச் சொன்னது, அவன் செத்தவன் எண்டு? நீ பார்த்தனியோ? நான் பாக்கேல்லை. என்ர அம்மா சாகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தவ, அவவும் பாக்கேல்லை. நீ எப்பிடிப் பார்த்தனி?"

அந்தத் தொழிற்பேட்டையின் பின்சந்தில், ரயர் நாற்றத்துக்கு நடுவில், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏச்சு விழுந்ததற்காக இல்லை. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் அம்மாவின் வாயால் கேட்டிருக்கிறேன், சொல்லுக்குச் சொல்.

அன்றைக்கு மார்த்தா பறவையைத் துரத்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு சொன்னார். அவருடைய தம்பி ரமோன். அச்சகத்தில் வேலை. அவர்கள் நாட்டில் இராணுவம் ஆண்டுகொண்டிருந்த காலம். அவனுடைய பிறந்தநாளுக்கு அம்மா அவனுக்குப் பிடித்ததைச் செய்து வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிட வருகிறேன் என்று போனவன் வரவில்லை. முட்டை ஆறி, மஞ்சள் கரு இறுகி, அம்மா அதை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பொரித்தார். அதுவும் ஆறியது. அன்றிலிருந்து அவனுடைய பிறந்தநாளுக்கு ஒரு தட்டு. அம்மாவுக்குப் பிறகு மார்த்தா.

"அது அவனுக்குப் படைக்கிறது இல்லை, மிஹா. அவன் வந்தாப் பசியோட வருவான்."

"எங்கட அப்பாவும் அப்பிடித்தான்," என்றேன். எப்படி என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "அவருக்கு ஆர் தட்டு வைக்கிறது?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை. அம்மா மீன்குழம்பு வைப்பா."

"அவருக்கு மீன் பிடிக்குமோ?"

"பிடிக்காது."

மார்த்தா சிரித்துவிட்டார். கண்ணீரோடு வருகிற அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வா," என்றார். பிறகு உள்ளே போய், என்னைக் கொண்டே புதிதாக முட்டை பொரிக்கவைத்து, தட்டைத் திரும்ப யன்னலடியில் வைத்தார்.

அம்மா வருவார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும், சட்டென்று, "எந்த நாட்டு மனுசி?" என்று கேட்டார். பிறகு, "எத்தினை வருசமாம்?" என்றார். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தானே சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

கடைக்குள் வந்ததும் முந்தானையால் மூக்கை மூடினார். மார்த்தா கட்டிப்பிடிக்க வந்தபோது, இறைச்சி தொட்ட கையோ என்று ஒரு பார்வை பார்த்தார். குசினிக்குள் போனார். எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, தாச்சி வேற இருக்கோ எண்டு கேள்."

வேறு தாச்சி இருந்தது. மார்த்தா முட்டையை உடைத்து ஊற்றினார். அம்மா எண்ணெயைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார், பொறுக்க முடியாமல் மார்த்தாவை மெல்ல ஒதுக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

"இவவுக்குச் சொல்லு, அவருக்கு ஓரம் முறுக வேணும். மிளகுத்தூள் தூக்கலா."

சொன்னேன். மார்த்தா இடுப்பில் கைவைத்து, "ரமோனுக்கு ஓரம் வெள்ளையா இருக்க வேணும். உன்ர அப்பாவுக்கு ருசி தெரியேல்லை," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா மார்த்தாவை நிமிர்ந்து பார்த்து, "அவவின்ர தம்பி இன்னும் நல்ல முட்டை சாப்பிடேல்லைப் போல," என்றார். அதன் பிறகு என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. ஒருவர் ஸ்பானியத்தில் சொல்ல, மற்றவர் தமிழில் மறுமொழி சொல்ல, அடுப்படியில் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற இரண்டு ஆண்களைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கடையிலேயே படித்தவள் நான் ஒருத்திதான். எனக்குத்தான் அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா அப்பாவுக்கு இரண்டு முட்டையும் வெங்காயமும் கிழங்கும் வைத்தார், இறைச்சி இல்லை. யன்னலோர மேசையில் அந்தத் தட்டை வைத்து, கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

செல்வி அன்ரிக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. "மாட்டிறைச்சிக் கடையிலையோ அந்த மனுசனுக்குப் படைச்சனீர்?" என்று வாசலில் நின்றே கேட்டார். அம்மா, "படைக்கேல்லை. எடுத்து வைச்சனான். பிந்தி வாற ஆளுக்கு எடுத்து வைக்கிறேல்லையோ?" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ரமோனின் பிறந்தநாளன்று இரண்டு தட்டுகள். அப்பாவின் பிறந்தநாள் அம்மாவுக்குத் தெரியாது. மாரி மழைக்குப் பிறந்தவர் என்று மட்டும் தெரியும். அதனால் ரமோனின் நாளே அப்பாவுக்கும் என்றாயிற்று. லொறிக்காரர்கள் அந்த மேசையில் இருப்பதில்லை. ஒருவர், பெரிய தாடிக்காரர், கோப்பியை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த வெற்றுக் கதிரைகளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார். நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவோடு வாதாடினேன். ஆனால் கடைக்குள் இருக்கும்போது, கதவின் மணி அடித்தால் நானும் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் மட்டும்தான். முட்டையில் ஆவி அடங்கும்வரை.

நான் படிப்பு முடித்த வருடம், மார்த்தாவுக்குச் சிலியிலிருந்து அவருடைய அக்காவின் மகள் தொலைபேசியில் பேசினாள். பாலைவனத்தில் தோண்டிக்கொண்டிருந்தார்கள், எலும்புகள் கிடைத்தன, அவற்றில் ஒரு துண்டு ரமோனுடையது என்று சோதித்து உறுதி சொல்லியிருக்கிறார்கள். விரலெலும்பு. அவ்வளவுதான்.

மார்த்தா அழவில்லை. எங்கள் இருவரையும் வரச் சொன்னார். பிறந்தநாளும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. தாச்சியை வைத்து, வெங்காயம் வதக்கி, இறைச்சி போட்டு, இரண்டு முட்டை, ஓரம் வெள்ளையாக. தட்டை யன்னலோர மேசையில் வைத்தார். கதிரையில் தானே இருந்தார். கத்தியை எடுத்து மஞ்சள் கருவை வெட்டினார். அது சூடாக இறைச்சி மேல் வழிந்தது. ஒரு வாய், பிறகு இன்னொரு வாய். ஒரு கிழங்குகூட மிச்சம் விடாமல், பாணால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். அம்மா எதிரில் இருந்து முழுநேரமும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மார்த்தா, "இனி ஆறவிடத் தேவையில்லை," என்றார்.

அன்றைக்கு அம்மா அப்பாவுக்குத் தட்டு வைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். அழுகிறார் என்று நினைத்துக் கையைத் தொட்டேன். அழவில்லை. மெல்ல, யாரிடமோ குறை சொல்வதுபோலச் சொன்னார்:

"அவவுக்கு ஒரு எலும்பெண்டாலும் கிடைச்சுது."

நான் அதற்கு முன்னும் பின்னும் அம்மாவின் குரலில் பொறாமையைக் கேட்டதில்லை.

மார்த்தா அந்த விரலெலும்பைப் புதைக்கச் சிலிக்குப் போனார். ஒரு மாதத்தில் வருவேன் என்று போனவர், அங்கேயே இருந்துவிட்டார். கடை கைமாறியது. கொஞ்ச நாள் மற்றவர்கள் நடத்தினார்கள். பிறகு மாபிள் விற்கிற காட்சியறை ஆனது. எனக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். போன வருடம் ஒரு வேலையாகச் சிட்னி போனபோது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். நீள யன்னலைச் சுவராக்கி அடைத்துவிட்டார்கள். மார்த்தாவின் எண்ணுக்கு எடுத்தால் இப்போது வேறு யாரோ ஸ்பானியத்தில் பேசுகிறார்கள்; மார்த்தா என்று சொன்னால் வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாடிக்கார லொறிக்காரரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

வியாழக்கிழமை அந்த மணத்தோடு வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மணம் உடுப்பில் ஒட்டும் அல்லவா? சனிக்கிழமை காலை, மரக்கறி வாங்கக் காரில் போய்க்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கில் நின்றபோது அம்மா கேட்டார்.

"பிள்ளை, அப்பாவுக்குச் செய்வமே?"

எனக்கு விளங்கவில்லை. "என்னத்தை அம்மா?"

"அந்தியேட்டி. ஐயரைக் கூப்பிட்டு முறையா. எனக்கும் வயசு போகுது. நான் போனாப் பிறகு நீ தனிய இருந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது."

செத்தவர்களுக்குச் செய்கிற கிரியை; இத்தனை வருடமாக நான் கேட்டது. அழுது கேட்டது, சண்டை பிடித்துக் கேட்டது. அம்மா தானாகவே என் மடியில் கொண்டுவந்து வைக்கிறார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடிக்குள் ஓட்டுகிறவரின் கழுத்துத் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொறுங்கோ அம்மா," என்றேன். "இப்ப வேண்டாம்."

"ஏன்?"

"ஊரிலயும் தோண்டுகினம்தானே. ஏதும் கிடைச்சாலும் கிடைக்கும்..."

விளக்குப் பச்சையாகிவிட்டது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை.

"சரி. எப்ப எண்டு நீ சொல்லு. நீதானே படிச்சனி."

செவன் ஹில்ஸில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கோப்பைகள் கழுவிக்கொண்டு, அப்பா இல்லை என்று திட்டமாகத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அவளிடம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே நாள் குறித்துத் தந்திருப்பாள். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அவளைத்தான் தேடினேன். அவளும் இல்லை.